ஒரு ஆள் அதிகம்

“ஒரு ஆள் அதிகமா இருந்தாலும் வண்டி எடுக்க மாட்டேனுங்க. கீழ செக்போஸ்ட்ல புடிச்சா என் லைசென்ஸ் போயிரும்,” என்றார் டிரைவர் வேலுசாமி.

பிலோமி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து மணிக்கு மேட்டுப்பாளையம் சர்ச்சில் அவள் அண்ணன் மகன் ஷிஜோவுக்குக் கல்யாணம். அண்ணனும் அண்ணியும் மாப்பிள்ளையோடு முன்னமே இறங்கிப் போயாச்சு. தாலியோ இவள் கைப்பையில். ஊட்டிப் பனிமூட்டத்தில் வேன் நகராமல் நிற்கிறது. ஆள் எண்ணிப் பிடித்த வேனில் மாப்பிள்ளையின் தங்கை கெஸியாவுக்கு உட்கார இடமில்லை.

“அழைக்காம ஏறினது யாருன்னு சொந்தக்காரங்க மூஞ்சியப் பார்த்து எப்படிக் கேக்கறது?” என்று முனகினாள் பிலோமி.

“எங்கிட்ட ஒரு வழி இருக்குங்க,” என்று எழுந்தான் முன் சீட்டுக் கண்ணாடிக்காரன் ஸ்டெபின். அண்ணியின் வகையறா போலிருக்கிறது. நல்ல பிள்ளை, இவள் பெட்டியைத் தூக்கி வைத்ததே அவன்தான். வானியல் ஆராய்ச்சியில் வேலையாம்.

“வானத்துல பக்கத்துல பக்கத்துல தெரியற கேலக்ஸி எல்லாம் ஒரே கூட்டம் இல்லீங்க. ஒண்ணு கிட்ட இருக்கும், இன்னொண்ணு அதுக்குப் பின்னால எங்கியோ கிடக்கும். வெளிச்சத்தைப் பிரிச்சுப் பார்த்து, தூரமும் வேகமும் ஒத்து வருதான்னு அளப்போம். ஒத்து வந்தா, இதுக்குப் பக்கம் அது, அதுக்குப் பக்கம் இன்னொண்ணுன்னு சங்கிலியாக் கோப்போம். கோக்க முடியாதது வெளியாளுங்க.”

“தாலி கட்டற நேரத்துல நட்சத்திரப் பாடமா தம்பி?”

“இங்க உறவை அளந்தாப் போதுங்க. இந்த வேன்ல உங்களுக்கு யாரு என்ன முறைன்னு ஒவ்வொருத்தரா கேக்கறேன். யாருக்கும் மனசு நோகாது.”

கேட்டுக்கொண்டே பின்னால் போனான். சித்தப்பா, சித்தப்பாவின் மச்சான், மச்சானின் கொழுந்தியா என்று சங்கிலி நீண்டது. கடைசி சீட்டில் மஃப்ளருக்குள் ஒரு பெரியவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பந்திக்கு முந்த வந்த ஆள் இவர்தான் என்று பிலோமி முடிவே கட்டிவிட்டாள்.

எழுப்பினால் எரிந்து விழுந்தார். “மாப்பிள்ளையோட அம்மாவுக்கு நான் சின்ன மாமன்! என்னையா கேக்கறே?”

அவர் பக்கத்திலிருந்தவரும் ஆமாம் என்று தலையாட்டினார்.

ஸ்டெபின் தலையைச் சொறிந்தான். “எல்லாரும் சங்கிலியில வந்துட்டாங்களே! ஒருத்தர்கூட மிச்சமில்லீங்க.”

அப்போது அவன் போன் அடித்தது. எதிர்முனைக் குரல் வேன் முழுக்கக் கேட்டது.

“டேய் ஸ்டெபின், எங்கடா தொலைஞ்சே? ஷிஜோ கல்யாணத்துக்கு நம்ம ஆபீஸ் வேன் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நிக்குது. உன் ஒருத்தனுக்காகத்தான் எல்லாரும் காத்துக்கிட்டிருக்கோம்!”