இடப்பக்கக் கதவு

அவன் பாலிஷ் மெஷினை நிறுத்தினான்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கை லைட்டோடு காரின் இடப்பக்கம் குந்தினான்.

வெள்ளை வண்டி மகா கள்ளம். வெயிலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இருட்டில் லைட்டைச் சாய்த்துப் பிடித்தால்தான் உள்ளதையெல்லாம் கக்கும்.

கக்கியது.

முதலில் சுழி சுழியாகத் தேய்ந்த கீறல்கள். எந்த மடையன் மண் துணியால் துடைத்தானோ. பிறகு வேப்பம்பிசின், காக்கை எச்சம். இரண்டு வருடம் மரத்தடியில் கிடந்த வண்டிக்கு இதெல்லாம் சகஜம்.

பின் சக்கரத்துக்கு மேலே இருந்தது சகஜமில்லை.

நாலைந்து மெல்லிய கோடுகள், ஒன்றாக.

முள் உரசினால் கோடு ஒரே உயரத்தில் போகும். இது கதவுப் பக்கமிருந்து வந்து, வரவரத் தாழ்ந்து, சக்கரத்தின் விளிம்பில் போய் முடிந்திருந்தது. நடுவில் விட்டுவிட்டுத் தொட்டிருந்தது.

வளையல் கோடு.

பெண்கள் ஏறி இறங்கும் வண்டிகளில் கைப்பிடிக்கு அடியில் அதைத் தினமும் பார்க்கிறவன்தான் அவன். வண்டி நெடுகப் பார்த்ததில்லை.

அப்படியானால் தொடக்கம் கதவில் இருந்திருக்க வேண்டும்.

கதவு பளபளத்தது. காலையில் அவனே தேய்த்தது.

எந்த வண்டியானாலும் லைட் அடித்து, நாலு பக்கமும் படம் எடுத்த பிறகுதான் மெஷினைத் தொடுவான். வீட்டு வண்டிக்கு எதற்கு அதெல்லாம் என்று இன்று நேரே கதவில் வைத்துவிட்டான். கைப்பிடிக்குப் பின்னால் ஓரிடம் லேசில் போகவில்லை. மூன்று தரம் அழுத்தித் தேய்த்தான். 

வண்டி குணசீலனுடையது.

திங்கட்கிழமை குணசீலனுக்கும் இவன் தங்கை தமயந்திக்கும் கல்யாணம்.

மாப்பிள்ளைக்கு இது இரண்டாவது. முதல் மனைவியை வீட்டுத் தெருமுனையில் ஏதோ வண்டி இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. இன்றுவரை அகப்படவில்லை. அன்றைக்குத் தான் ஊரிலேயே இல்லை என்று பெண் பார்க்க வந்தபோது குணசீலன் கண்கலங்கினான். அதன்பிறகு காரை எடுக்க மனசே வரவில்லை என்றான். கேட்டுக்கொண்டிருந்த அம்மா அழுதேவிட்டாள்.

வெளியே பேச்சுக் குரல்.

குணசீலனும் தமயந்தியுந்தான். தைக்கக் கொடுத்த முகூர்த்த ஜாக்கெட்டை வாங்கப் போகவேண்டுமாம். தமயந்தி வாசலிலேயே நின்றுகொண்டாள்.

குணசீலன் ஷட்டரைத் தூக்கிவிட்டு உள்ளே வந்தான். நேரே இடப்பக்கம் போனான். கதவை உள்ளங்கையால் தடவிக்கொண்டே நடந்தான். பின் சக்கரத்துக்கு மேலே கை நின்றது.

“இதையும் எடுத்துரு மச்சான். இந்தப் பக்கந்தான் எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு.”

வேலை பாக்கி இருக்கிறது, வண்டியை இப்போது தர முடியாது என்றான் அவன். 

சாயங்காலம் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன் என்று குணசீலன் ஏறி உட்கார்ந்தான். சாவி வண்டியிலேயே இருந்தது.

கார் வெளியே உருண்டது.

தமயந்தியைக் கூப்பிட அவன் வாயெடுத்தான். கூப்பிட்டு என்ன சொல்வது? கல்யாணப் பெண்ணிடம் நாலு கோட்டைக் காட்டியா?

அவள் ஓடிப்போய் இடப்பக்கக் கைப்பிடியில் கை வைத்தாள்.

கார் ஒரு முழம் நகர்ந்தது.

மறுபடி பிடித்தாள். மறுபடி நகர்ந்தது. இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் வேகமாக.

“பாருண்ணே, ஏறவே விடாம விளையாடுறாரு.”

சிரித்துக்கொண்டே, பிடியை விடாமல், காரோடு கூடவே ஓடினாள்.

அவன் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். இருவரும் மண்ணில் விழுந்தார்கள். பைத்தியமா உனக்கு என்று அவள் கத்தினாள். அவன் கையை விடவில்லை.

கார் பத்தடி தள்ளிப் போய் நின்றது.

குணசீலன் இறங்குவான், என்ன ஆயிற்று என்று கேட்பான் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறக்கவில்லை.

காரின் பின்னால் ரிவர்ஸ் விளக்கு எரிந்தது.