தலைவன் விழுந்த கரை

“தலைவன் போட்ட கறியைத் தின்றவன், தலைவன் விழுந்தால்…” என்று கூட்டத்தின் விருந்தில் கிழட்டு ஓநாய் ஏதோ சொன்னது. மீதி, இளம் ஓநாய் பூழனுக்கு ஞாபகமில்லை. அப்போது தலைவன் தந்த தொடைக்கறி அவன் வாயில் இருந்தது.

இன்று தலைவன் ஆற்றங்கரையில் செத்துக் கிடந்தான். “குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மலையேறு” என்று பூழனிடம் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினான். எதிரி ஓநாய்கள் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தன.

“அவர் பக்கத்துலயே சண்டை போட்டுச் சாகணும்டா. கிழவர் அதைத்தான் சொன்னார்” என்றான் கூட்டாளி செவலை.

“தலைவரே போகச் சொன்னாரேடா?”

“சாகிறப்ப இரக்கப்பட்டுச் சொல்வார். அதைச் சாக்கா வச்சு ஓடுவியா? கறிக்கு மட்டும் முதல் ஆளா வந்தே!”

போனாலும் துரோகம், நின்றாலும் துரோகம் என்று பூழனுக்குப் பட்டது. தலைவனின் காதை ஒருமுறை நக்கினான். பிறகு குட்டிகள் இருந்த குகைக்கு ஓடினான்.