ட்ரக் ஓட்டுநர் பிரிவு

டெக்சாஸ் வரை ட்ரக் ஓட்டிவிட்டு, ஐந்து நாள் கழித்து மில்லிக்கன் பகுதியில் உள்ள தன் வீட்டுக்குள் நுழைந்த மரியநேசனை அவன் மனைவி அருள்மலர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மடிக்கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னப்பா, பரீட்சையோ?”

“ஒன்லைன் வகுப்பு. பிரிவைச் சரியாக் குடுக்கவேணும். சமையல் எண்டு குடுத்து மூண்டு கிழமை வீணாப் போச்சு. இந்த முறையும் பிழைச்சால் பழையபடி பக்டரி வேலைக்குத்தான் போகவேணும்.”

“முப்பது வருசமாச் சமைக்கிறீர், இனி என்ன சமையல் வகுப்பு?” என்று சிரித்தவன், திரையை எட்டிப் பார்த்து வாயைப் பிளந்தான். அவள் ‘ட்ரக் ஓட்டுநர்’ பிரிவை அழுத்தியிருந்தாள்.

“இஞ்சேர், காரையே ரிவேர்ஸ் எடுக்கப் பயப்பிடுற ஆள் நீர்! பதினெட்டுச் சில்லு ட்ரக்கை எப்பிடி உருட்டப்போறீர்?”

“நான் ஏன் உருட்டவேணும்? நான் படிக்க இல்லையப்பா, படிப்பிக்க. ட்ரக்குக்குள்ளை சின்ன ரைஸ் குக்கர் வைச்சுச் சோறும் பருப்பும் காய்ச்சுறது எப்பிடியெண்டு. சமையல் பிரிவுக்குள்ளை எந்த ட்ரக் ஓடுறவன் எட்டிப் பாக்கிறான்?”

மரியநேசனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “வீட்டிலை மனுசி சாப்பாடு கட்டித் தரேக்கை, உதிலை எவன் வந்து சேருவான்?”

“ஒரு ஆளை இப்பதான் சேர்த்தனான்” என்று அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். மாணவர் பட்டியலில் அவனுடைய பெயர் இருந்தது. “திங்கட்கிழமைப் பயணத்துக்கு நான் சாப்பாடு கட்டமாட்டன். குளிச்சிட்டு வாங்கோ, முதல் பாடம் அரிசி கழுவுறது.”