ஒட்டாத நிலா

காலையில் அந்தச் சின்ன அறையின் கதவைத் திறந்தால், நிலா தரையில் கிடந்தது. துணைக்கு நாலைந்து நட்சத்திரங்கள் வேறு.

"இன்னிக்குமா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நிறைமாதம். குனிந்து பொறுக்குவதே பெரிய வேலை.

பிறக்கப் போகும் குழந்தைக்காக அவளே கைப்பட அலங்கரிக்கும் அறை அது. கடைக்குப் போய் அள்ளிக்கொண்டு வர வசதி இல்லை. பழப்பெட்டி அலமாரியாகியிருந்தது. கணவனின் பழைய கட்டம் போட்ட சட்டைகள் ஜன்னல் திரையாகியிருந்தன. அட்டைப்பெட்டியை வெட்டி மேகம் செய்தாள். பக்கத்து வீட்டு பைண்டிங் அக்கா மைதா பசை காய்ச்சிக் கொண்டுவந்து சுவரில் ஒட்டிக் கொடுத்தாள். அதில் ஒரு தொல்லையும் இல்லை.

"மேகம் மட்டும் போதுமா? நிலா வேணாமா?" என்று சில நாள் கழித்து அக்காதான் ஆரம்பித்து வைத்தாள். அன்று பிடித்தது சனி. ஒட்டுவதும் விழுவதுமாகவே போய்க்கொண்டிருக்கிறது.

போன் அடித்தது. மாமியார். நேரில் வருவது பிரசவத்துக்குத்தான். அதுவரை அதிகாரமெல்லாம் போனில்.

"என்னடி பண்றே?"

"பாப்பா ரூம்ல இருக்கேன் அத்தை. நேத்து ஒரு மொபைல் செஞ்சேன்."

"பொறக்காத புள்ளைக்கு எதுக்குடி மொபைலு?"

"ஐயோ, போன் இல்ல அத்தை. தொட்டிலுக்கு மேல தொங்கவிடற பொம்மை. அதுக்கும் பேரு மொபைல்தான். ஹேங்கர்ல காகிதக் குருவி கட்டியிருக்கேன்."

"என்ன கண்றாவியோ. நிலா நின்னுச்சா?"

"இல்ல. மறுபடியும் விழுந்திடுச்சு."

"பசை யாரு காய்ச்சறது?"

"பைண்டிங் அக்காதான்."



"காலமெல்லாம் புஸ்தகம் ஒட்டறவ காய்ச்சின பசை ஒட்டாதா? யாருகிட்ட காது குத்தறா? அவளுக்குப் புள்ளைகுட்டி கிடையாதுல்ல? வயித்தெரிச்சல்டி. இனிமே அவளை வாசப்படி ஏற விடாதே."

போனை வைத்ததும் வீடு கப்சிப் என்றாகிவிட்டது. இந்த அமைதிதான் அவளுக்கு ஆகாது. கணவனுக்குக் கப்பலில் வேலை. சிக்னல் கிடைக்கும்போது கூப்பிடுவான். பாதிப் பேச்சில் காணாமல் போய்விடுவான். அம்மா இல்லை. சாயங்காலம் பைண்டிங் கடை மூடி அக்கா வந்தால்தான் வீட்டுக்குள் ஒரு மனிதக் குரல் கேட்கும். அந்த ஒருத்தியையும் வராதே என்று எந்த வாயால் சொல்வது?

ஆனாலும் மாமியார் கேட்ட கேள்வி மண்டையைக் குடைந்தது. அவளுடைய கிழிந்த அகராதியை அக்காதான் ஒட்டிக் கொடுத்தாள். இன்றுவரை ஓர் ஏடு அசையவில்லையே!

மத்தியானம் முனைக் கடையில் ஒரு டப்பா பசை வாங்கி வந்து, ஒரே ஒரு நட்சத்திரத்தை ஒட்டிப் பார்த்தாள்.

சாயங்காலம் அக்கா வந்தாள். கையில் பசைக் கிண்ணம்.

"விழுந்திடுச்சா? சுவரு சரியில்லம்மா, ஈர ஓதம். நீ ஏறாதே, உக்காரு. நான் ஏறறேன்." ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"சுவரு நல்லாத்தான்க்கா இருக்கு." குரல் அவளை அறியாமலே விறைத்தது. "கடைப் பசையில ஒரு நட்சத்திரம் ஒட்டினேன். பிச்சு இழுத்தாக்கூட வரல."

ஸ்டூலில் வைத்த காலை அக்கா கீழே இறக்கினாள்.

அவள் கிண்ணத்தை வாங்கிச் சாய்த்துப் பார்த்தாள். பசை தண்ணீராக ஓடியது.

"தெரிஞ்சேதான் தண்ணி ஊத்தினீங்களா?"

"ஆமா."

"எங்க அத்தை சொன்னது சரியாப் போச்சு. என் புள்ளை ரூம் மேல உங்களுக்கு என்னக்கா அப்படி ஒரு ஆத்திரம்?" கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. "உங்களைக் கூடப் பொறந்தவளா நெனச்சேனே..."

அக்கா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அறை வாசல்வரை போனாள். நிலைப்படியில் கால் வைத்தவள், திரும்பினாள்.

"மேகம் ஒட்டினோமே, அது நல்ல பசைதான். வேலை முடிஞ்சுதுன்னு நானும் வரல. மறுநாள் சாயங்காலம் நீ அழற சத்தம் எங்க வீட்டுக்குக் கேட்டுச்சு. அதுக்கு அடுத்த நாளும்... நடுவுல இருக்கறது ஒத்தைக்கல் சுவருதானே?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சும்மா வந்து உக்காந்தா, 'எதுக்குக்கா சிரமம், போய் வேலையப் பாருங்க'ம்பே. வீறாப்புக்காரி. வேலைன்னா மட்டும்தான் கூப்பிடுவே." அக்கா தரையில் கிடந்த நிலாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அது விழ ஆரம்பிச்சதுலேர்ந்து சத்தம் கேக்கலம்மா."

அவள் கடைப் பசை டப்பாவை இறுக்கி மூடி, பழப்பெட்டிக்குப் பின்னால் தள்ளினாள். எட்டி அக்காவின் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினாள்.

"உள்ள வாங்கக்கா. இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்தட்டுமா?"