பதினான்கு துண்டுச் செம்பேன்

"மூச்சு விடாத புள்ள! செம்பேன் பறந்து போயிரும்!"

வெயிலைத் திருப்பிவிட முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்திருந்த பெண், மூச்சை அடக்கிக்கொண்டாள்.

சூரியநெல்லிக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்தின் உதவி மேனேஜர், அதாவது சின்னத்துரை, ரத்தினசாமி, பங்களா வராந்தாவில் கேமரா முன்னால் குனிந்து கிடந்தார். வடகரப்பதியில் ஐம்பது ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. தேயிலையைப் பற்றி அவருக்குத் தெரிந்ததைவிட லென்ஸைப் பற்றித் தெரிந்தது அதிகம். 1974-இல் அந்த மலையில் வேறு எவரிடமும் இல்லாத சாமான் அவரிடம் இருந்தது. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே ஆர்மோனியப் பெட்டி மாதிரி இழுத்தால் நீளும் ஒரு துருத்தி! அதன் நுனியில் லென்ஸை முன்பின்னாகத் திருப்பி மாட்டியிருந்தார். தேயிலைச் சாற்றை உறிஞ்சும், கடுகில் கால்வாசிகூடத் தேறாத செம்பேன், அதில் கடாமாடு கணக்காகத் தெரிந்தது.

"கண்ணு தெளிஞ்சா காலு மங்குது, காலு தெளிஞ்சா முதுகு மங்குது. சனியன்!"

அதற்கும் வழி வைத்திருந்தார் மனிதர். கேமராவை மயிரிழை மயிரிழையாக நகர்த்திப் பதினான்கு படம். ஒவ்வொன்றிலும் தெளிவாக விழுந்த இடத்தை மட்டும் பிளேடால் வெட்டி, சேர்த்து ஒட்டி, ஒட்டியதை மறுபடி படமெடுத்தால் முழுச் செம்பேனும் பளிச்சென்று வந்துவிடும். அதுவரை அது அசையக் கூடாதே! அதற்காக அதை பங்களா ஃப்ரிட்ஜில், துரைசாணியின் வெண்ணெய்க்குப் பக்கத்தில் அரை மணி நேரம் வைத்துக் கிறங்க அடித்திருந்தார்.

கொழுத்த செம்பேன் என்ன, சும்மாவா கிடைக்கும்? 'ஏழாம் நம்பர் தேயிலைக்காட்டுக்கு மருந்தடிக்காதே' என்று மருந்தடிக்கும் சூசையப்பனிடம் வாய்வார்த்தையாக உத்தரவு போட்டிருந்தார். நாற்பது நாளில் பேன் கொழுத்தது. காடு சிவந்து கருகியது. மேனேஜரான பெரிய துரை வந்து குதித்ததும், "அந்தச் சோம்பேறி மருந்தடிக்கலைங்க" என்று கூசாமல் கையைக் காட்டிவிட்டார். சூசையப்பனை சஸ்பெண்ட் செய்தார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும்.

"அந்தச் சூசையப்பன் லயத்துல என்ன சொல்லீட்டுத் திரியறான்?" என்று கேட்டார், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தொரைதான் அடிக்க வேணாம்னாருன்னு சொல்லுதான். யாரு நம்புதா?"

"அதாம் பாரு! சாட்சி இருக்குதா? எழுத்து இருக்குதா?"

"ஒண்ணுங் கெடையாது, தொரை."

இவள் பேச்சு அவருக்குப் பிடித்திருந்தது. கங்காணி அனுப்பிய ஆள். மூன்று வாரமாகக் கண்ணாடி பிடிக்கிறாள். பேனின் காலில் எத்தனை மயிர் என்று கேட்டால் எண்ணிச் சொல்லிவிடுவார். இவள் பெயரைக் கேட்க மட்டும் அவருக்குத் தோன்றியதே இல்லை.

லண்டன் புகைப்படப் போட்டிக்கு அனுப்பவேண்டிய படம் செவ்வாய்க்கிழமை தயாரானது. அவள் வாயைப் பிளந்தாள்.

"ஆத்தாடி, எம்புட்டுப் பெருசு! ஆனா தொரை, நீங்க பட்ட பாடு லண்டன்காரனுக்கு எப்படித் தெரியும்? பித்தான அமுக்குனாரு, படம் வந்துட்டுதுன்னு நெனச்சிர மாட்டானா?"

துரைக்குச் சுருக்கென்றது. லண்டன் போட்டித் தாளில் 'எடுத்த விதம்' என்ற இடம் காலியாகத்தான் இருந்தது. டைப்ரைட்டரை இழுத்து, துருத்தியின் நீளம், திருப்பிய லென்ஸ், பதினான்கு துண்டு என்று எல்லாவற்றையும் தட்டித் தள்ளினார்.

"பேன வளத்தத எழுதிட்டீயளா? நாப்பது நாளு பிள்ள மாதிரி பாத்தீயளே!"

"அட, அத உட்டுட்டனே!"

லண்டனில் இருப்பவனுக்கு ஏழாம் நம்பர் காட்டைத் தெரியவா போகிறது? 'நாற்பது நாள் மருந்தடிக்கக் கூடாதென்று நானே உத்தரவிட்டு வளர்த்த பேன்' என்று சேர்த்து, அடியில் நீளமாகக் கையெழுத்துப் போட்டார். முதல் பரிசு இனி எங்கே ஓடிவிடும்! தபாலில் சேர்க்கச் சொல்லி கவரை அவளிடமே கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை விசாரணை. ஆபீஸில் சூசையப்பன் தலைகுனிந்து நின்றான்.

"இவனுக்கு ஏதாச்சும் சாட்சி இருக்குதுங்களா?" என்று ரத்தினசாமி எக்களிப்போடு கேட்டார்.

 பெரிய துரையின் மேசைமேல் லண்டன் விலாசம் எழுதிய கவர் பிரிந்து கிடந்தது. பக்கத்தில் எட்டுக் காலையும் விரித்தபடி, பளிச்சென்று, செம்பேன்.  அப்போதுதான் கதவோரம் நின்ற கண்ணாடிக்காரி ரத்தினசாமி கண்ணில் பட்டாள்.

"உன் பேரென்னம்மா?" என்றார் பெரிய துரை.

"கத்தரீனா. சூசையப்பன் பொஞ்சாதி" என்றவள், ரத்தினசாமி பக்கம் திரும்பினாள். "இனிமே மூச்சு விட்டுக்கிடலாமா, தொரை?"