அவள் முறை

அவள் கஞ்சிராவைத் தட்டுவதை நிறுத்தினாள்.

மூலையில், நாற்காலியில், அப்பா பாடிக்கொண்டிருந்தார்.

மழைக்காலத்தில் பக்கவாதம் வந்ததிலிருந்து ஒரு சொல்கூடப் பேசாதவர். வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு வரும் அம்மாள் இன்று வரவில்லை. வேறு வழியில்லாமல் அவரை மழலையர் பள்ளிக்கே கூட்டி வந்து, தன் பாட்டு வகுப்பில் உட்காரவைத்திருந்தாள்.

அவளும் குழந்தைகளும் பாடிய அணில் பாட்டைத்தான் பாடினார். சொல் குழறியது. சுருதி எங்கோ கிடந்தது.

பாடி முடித்தார்.

அவள் வகுப்பில் ஒரு வழக்கம். யார் பாடினாலும் திருத்துவதில்லை. பாடியவருக்கு ஆளுக்கொரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். சந்தோஷமாக இருக்கும் குழந்தைக்குத்தான் காது திறக்கும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அவள் அதை நம்பினாள். நம்பக் காரணம் இருந்தது.

குழந்தைகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"தாத்தா, கண்ண மூடிக்கிட்டுப் பாடுனீங்க. அழகா இருந்துச்சு."

"அணில் நெஜமாவே ஓடுச்சு தாத்தா."

"சத்தமாப் பாடுனீங்க."

ஒவ்வொன்றுக்கும் அவர் தலையை அசைத்தார்.

அவர் அப்படித் தலையசைத்து அவள் பார்த்ததில்லை.

முறை அவளிடம் வந்தது. அவர் நாற்காலியின் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தாள்.

நாளெல்லாம் நல்ல வார்த்தை சொல்கிறவள். இப்போது ஒன்றும் அகப்படவில்லை.

அப்பாவின் இடது கை மெல்ல எழுந்தது. தாளம் போடத்தான்.

அவள் சட்டென்று காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

ஊருக்கு அவர் பெரிய பாட்டு வாத்தியார். அவரிடம் கற்றவர்கள் இன்றும் தெருவில் கைகூப்புவார்கள். வீட்டில், சுருதி விலகினால் முதலில் அவள் பெயர் வரும். பிறகு இரண்டு விரல் வரும். பாவாடைக்கு மேலாகத் தொடையைப் பிடித்துத் திருகும். பாட்டை நிறுத்தக் கூடாது.

அவள் நிறுத்தியதே இல்லை.

இப்போதும் ஏதாவதொரு குழந்தை சுருதி விலகும்போது அவளுடைய இரண்டு விரல்கள் தாமாகக் கூடும். சேலை மடிப்பைப் பிடித்துத் திருகும். சிரித்துக்கொண்டே சொல்வாள், நல்லாப் பாடுன கண்ணு.

காலை இழுத்துக்கொண்டதைக் குழந்தைகள் பார்த்துவிட்டார்கள்.

குழலி எழுந்து வந்தாள். வகுப்பில் எல்லோரையும்விடச் சின்னவள். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

"தாத்தா, மிஸ்ஸும்தான் பாடுனாங்க. அவங்களுக்கு நீங்க ஒண்ணு சொல்லுங்க."

அவர் வாய் கோணியது. தொண்டை ஏறி இறங்கியது. காற்றுதான் வந்தது.

குழந்தைகள் அவசரப்படுத்தவில்லை.

பேச்சாக வராதது பாட்டாக வந்தது.

"சா... வே... ரி..."

அவளுக்கு அவர் வைத்த பெயர். ராகத்தின் பெயர். இம்முறை சுருதி பிசகவில்லை.

அவள் முதுகு நிமிர்ந்தது. பெயருக்கு அடுத்து வருவதற்காக உடம்பு காத்திருந்தது.

எதுவும் வரவில்லை.

அவர் கை நாற்காலியின் மேல் கிடந்தது. கண் மட்டும் அவள் மேல் இருந்தது. அதில் நீர் கட்டியிருந்தது. நோய் வந்ததிலிருந்து காரணமில்லாமலும் அப்படிக் கட்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

குழலி அண்ணாந்து அவளைப் பார்த்தாள்.

"மிஸ், பேரு நல்ல வார்த்தையா?"

சாவேரி நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

அவரும் அந்தப் பதிலுக்குத்தான் காத்துக்கொண்டிருந்தார்.