ஒரு புகார்கூட இல்லை

சுவர்ப் பலகையில் இருந்த நாற்பத்தெட்டுச் சீட்டுகளும் வேலை முடிந்ததைக் காட்டும் பச்சை. கடைசியாக மிச்சமிருந்த ஒரே சிவப்புச் சீட்டையும் உரித்தெடுத்துவிட்டு அங்கே பச்சையை ஒட்டிய படிவப்புலி, இரண்டடி பின்னால் போய் நின்று தன் கைவேலையைத் தானே ரசித்தார்.

படிவப்புலி என்பது ஆபீஸில் எல்லோரும் அவருக்கு வைத்த பெயர். சாஃப்ட்வேர் வேலையைச் சீர்திருத்த நிர்வாகம் ஆறு மாதம் முன்பு கொண்டுவந்து இறக்கிய மனிதர். ப்ரோக்ராமில் ஒரு வரிகூட அவருக்கு எழுதத் தெரியாது. எழுதுகிறவர்கள் நிரப்புவதற்குப் பதினேழு படிவங்களை மட்டும் மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்திருந்தார்.

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, இங்கே அதற்கும் மூன்று பேர் கையெழுத்து வேண்டும். காலையில் நின்றபடி ஒரு கூட்டம், மாலையில் உட்கார்ந்தபடி ஒரு கூட்டம். வாடிக்கையாளரின் மெயில்கூட வேலை செய்கிறவர்களுக்கு நேராக வராது. எண் போட்டு, வரிசையில் வைத்து, பரிசீலனைக் குழு கூடும்போதுதான் பிரிப்பார்கள்.

டீம் லீடருக்கு அவரைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பதினேழையும் நிரப்பினாள். பஸ் கம்பெனிக்காகச் செய்யும் இந்த டிக்கெட் சாஃப்ட்வேரை வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டால்தான் அவளுடைய டீமில் ஆறு பேருக்கும் வேலை, இல்லாவிட்டால் டீமையே கலைத்துவிடுவோம் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. அந்த ஆறு பேரில் ஒருத்தி பிரசவ லீவில் இருந்தாள். "உன் சீட் எங்கேயும் போகாது, நான் பாத்துக்கறேன்" என்று டீம் லீடர் அவளிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"பாத்தியாம்மா?" படிவப்புலி பலகையைக் காட்டினார். "ஆரம்பத்துல என்னா முனகு முனகின. இப்ப எல்லாம் பச்சை."

"சார், இந்த மாதிரி வேலையை நாங்க மூணு மாசத்துல முடிச்சிருக்கோம். படிவம் நிரப்பியே ஆறு மாசம் ஓடிப்போச்சு."

"முடிக்கிறது என்னம்மா பெரிய விஷயம், முறையா முடிக்கணும். அந்த பஸ் கம்பெனிக்காரர் முன்னெல்லாம் தினம் போன் போட்டுக் கத்துவாராமே. ரெண்டு மாசமா ஒரு புகார் வந்திச்சா?"

வரவில்லைதான். சும்மா இருக்கிற வாயா அது? அதையே இந்த மனிதர் அடக்கிவிட்டார் என்றால், நாம்தான் புரியாமல் கரித்துக்கொட்டுகிறோமோ என்று அவளுக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது.

ஒப்படைப்புப் படிவத்திலும் கையெழுத்துப் போட்டாள். டீமில் இருந்தவர்கள் சுற்றி நிற்க, ஸ்பீக்கரில் பஸ் கம்பெனி முதலாளியைக் கூப்பிட்டாள்.

"சார், உங்க டிக்கெட் சாஃப்ட்வேர் ரெடி. எப்ப வந்து பாக்கறீங்க?"



"இன்னுமா அதைச் செஞ்சிட்டு இருக்கீங்க?" என்றார் முதலாளி. "போன்ல சொன்னா, மெயில்ல போடுங்கன்னு சொன்னாங்க. ரெண்டு மாசம் முன்னாடியே போட்டேன். அதுக்கப்புறம் ஞாபகப்படுத்தி மூணு மெயில். ஒண்ணைக்கூடப் பிரிக்கலையா?"

அவள் படிவப்புலியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பதறாமல் ஃபைலைப் புரட்டி, பெருமையோடு ஒரு பக்கத்தைத் தொட்டுக் காட்டினார்.

"நாலும் பத்திரமா இருக்கும்மா. நம்பர்கூடப் போட்டாச்சு. குழு அடுத்த வாரம் கூடுது."

அவள் மறுபடி ஸ்பீக்கர் பக்கம் குனிந்தாள்.

"அதுல என்ன சார் எழுதியிருந்தீங்க?"

"வேற ஆளுங்ககிட்ட வாங்கிட்டேன், நீங்க நிறுத்திடுங்கன்னு."